பாபினும் பத்தில் ஒரு பங்கு ஜீப்பும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. நிமிடம் வரை நினைவிருக்கக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில் நான் கைக்கடிகாரத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டி ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“மணியப் பாருங்க அண்ணே! பதினொன்னு நாப்பது. மாசத்தப் பாருங்க! பதினொரு மாசம் முடிஞ்சி பன்னெண்டு பொறக்கப் போவுது. என் மிஷின் எங்க?”

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் பாபின். கள்ளக்குறிச்சியில் இவரைவிட மெதுவான மனிதர் பிறந்ததில்லை. அப்படி ஒருவர் பிறந்திருந்தால், அவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் மிஷின் மெக்கானிக். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. மிஷினுக்கு அடியில் நூல் சுற்றிப் போடுகிற குட்டி உருளைக்குத்தான் பாபின் என்று பெயர். ஆளும் ஏறக்குறைய அதே உருவம் என்பதால் யாரோ ஒரு தையல்காரர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்வார்தான். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் கேட்டவருக்கு பஸ் வந்துவிடும்.

கடைப் பலகையை அவரே எழுதினார். “தையல் மிஷின் பழுது பா” என்பதோடு அது நிற்கிறது. மீதி எங்கே என்று கேட்டால், “எழுதிக்கினுதான் இருக்கேன்” என்பார். பலகையில் முதல் எழுத்து வெயிலில் வெளுத்து மறைய ஆரம்பித்துவிட்டது. கடைசி எழுத்து இன்னும் பிறக்கவில்லை.

அவரிடம் ஒரு மொபெட் உண்டு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன மாட்டுவண்டி ஒன்று ஒருநாள் அவரை முந்திவிட்டது. முந்தும்போது வலப்பக்க மாடு தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்ததாக வண்டிக்காரர் டீக்கடையில் சத்தியம் செய்தார். அந்த டீக்கடையில் பாபினுக்கென்று தனியாக ஒரு கிளாஸ் ஒதுக்கியிருக்கிறார்கள். மரியாதைக்காக இல்லை. அவரிடம் ஒரு கிளாஸ் போனால் உச்சிவேளை வரை திரும்பாது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர், சாம்பார் சாதத்தை முடித்துத் தலை நிமிர்ந்தபோது மூன்றாவது பந்தி எழுந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா வந்து, “மூணு பந்தி சாப்ட்டீங்களே, சந்தோஷங்க” என்றாராம். “இல்லீங்க, இன்னும் ரசத்துக்கே வரல” என்றாராம் இவர்.

இப்படிப்பட்டவரிடம் ஏன் மிஷினைக் கொடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அவர் கையிலிருந்து வந்த மிஷின் மறுபடி பழுதாகி யாரும் பார்த்ததில்லை. அதுதான் சிக்கல். ‘வந்த’ மிஷின்.

என்னுடையது வரவில்லை.

நான் பள்ளியில் தாவரவியல் எடுப்பவள். மேல்நிலை வகுப்புகளைக் கட்டி மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தையல் மிஷின் முன்னால் உட்காரும் அரை மணி நேரம்தான் எனக்கு மூச்சு விடும் நேரம். என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்த ஜிக்ஜாக் மிஷின் அது. நேர்த்தையலும் போடும், கோணல் தையலும் போடும். ஒருநாள் கடகடவென்று இரைந்தது. கொண்டுபோய் பாபினிடம் கொடுத்தேன்.

முதல் மாதம் கேட்டபோது, “தொறந்து பாத்துக்கினு இருக்கேன் டீச்சர்” என்றார். மூன்றாம் மாதம், “எண்ண ஊத்தி ஊற வச்சிருக்கேன்” என்றார். ஆறாம் மாதம் நான் போனபோது கடையில் மிஷினைக் காணோம். மேசை முழுக்க ஒரு குட்டி ஜீப்பின் எலும்புக்கூடு கிடந்தது.

“இது இன்னாண்ணே?”

பாபின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு வெளிச்சம். தன் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். எங்கோ ஒரு ஊரில், ரிமோட்டில் ஓடும் ஒரு பொம்மை வண்டி பாறை ஒன்றின் மீது ஏறிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டிருந்தது என்றால் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு சக்கரம் ஒரு கல்லைப் பிடிக்கும். யோசிக்கும். அடுத்த சக்கரம் அடுத்த கல்லைப் பிடிக்கும். ஒன்றரை அடிப் பாறையில் ஏற ஏழு நிமிடம்.

“பாத்தீங்களா டீச்சர்? எல்லாரும் வேகமா போற வண்டியா செய்யறான். மெதுவாப் போறதுக்குன்னே ஒரு வண்டி! மெதுவாப் போனாத்தான் அது ஜெயிக்கும்!”

உலகத்தில் தன் ஜாதி வேறு யாரும் இல்லை என்று நினைத்திருந்த மனிதர், தூரத்து உறவினரைக் கண்டுகொண்டதுபோல் இருந்தது அவர் குரல்.

அந்த வீடியோவில் வந்ததுபோல் ஏதோ ஒரு வெளிநாட்டு வண்டியைச் செய்ய அவருக்கு மனமில்லை. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஆள் ஏற்றிப் போகிற பழைய ஜீப்பைத்தான் செய்ய வேண்டும். அதுவும் அச்சு அசலாக, பத்தில் ஒரு பங்கு அளவில். அளவெடுக்க ஜீப் நிற்கும் இடத்துக்குத் தையல்கார டேப்பை எடுத்துக்கொண்டு போனார். வண்டியைச் சுற்றிச் சுற்றி டேப்பைப் பிடித்தவரிடம் டிரைவர் கேட்டார்:

“இன்னாங்க, வண்டிக்கு சட்ட தைக்கப் போறீங்களா?”

“கொஞ்சம் இரு தம்பி. வண்டியக் கொஞ்சம் குனியச் சொல்லு, ஒசரம் எட்டல.”

முப்பது வருடம் தையல்காரர்களோடு பழகிய வாய். அளவுகளைக் குறித்ததும் தையல் கடை அளவுப் புத்தகத்தில்தான். நானே பார்த்தேன். நீளம் நூற்று அறுபது அங்குலம். தோள் அறுபத்து நான்கு. ‘கழுத்து’ என்று அச்சடித்த கட்டத்தில் ரேடியேட்டரின் அகலம். பக்கத்திலேயே எல்லாவற்றையும் பத்தால் வகுத்த கணக்கு. அடியில், ‘கை’ என்ற இடத்தில் ஒரு கோடு. ஜீப்புக்குக் கை இல்லை.

மோட்டரும் ரிமோட்டும் நான்கு டயர்களும் கூரியரில் வந்தன. மீதி எல்லாம் கள்ளக்குறிச்சி. உடம்பு கடலை எண்ணெய் டின். பானட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்பக்கம் பாதி வேர்க்கடலைப் படம் தெரியும். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க, தையல் மிஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். வண்டி குடை சாயாமல் இருக்க ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஈயத் துண்டுகள். சீட்டுக்கு ரெக்ஸின் வெட்டி, தடித்த நைலான் நூலில் கையால் தையல். பொம்மைக்குத் தைக்கும் தையலிலும் அங்குலத்துக்குப் பத்து குத்து குறையக் கூடாது அவருக்கு.

ஒன்பதாம் மாதம் போனபோது வண்டி முடிந்திருந்தது. ஆனால் மனிதர் பூதக்கண்ணாடி வைத்து எதையோ தைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால், என் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு. தோளில் போடுகிற துண்டு. பக்கத்தில் மீசை வைத்த ஒரு டிரைவர் பொம்மை, துண்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

“ரிமோட்டுல போற வண்டிக்கு டிரைவர் எதுக்குண்ணே?”

“டிரைவர் இல்லாத வண்டி ரோட்டுல போனா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க டீச்சர்?”

“அப்ப பக்கத்து சீட்டுல ஏன் ஆள் இல்ல?”

“கிளீனரு லீவு.”

அன்று நான் வீட்டுக்கு வந்து, இந்த மனிதரின் டிரைவருக்குத் துண்டு தயாராகிவிட்டது, எனக்கு ஒரு ரவிக்கை தைக்க வழியில்லை என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன். பத்து வயது கயல், எங்கள் ஒரே பெண், “அம்மா, டிரைவருக்கு மீசை இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நாங்கள் மூவரும் மலைக்குப் போயிருந்தோம். ஊரில் வெயில் தகித்துக்கொண்டிருந்தது. மேலே ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர். யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் பாறைகள். கட்டுச்சோற்றைப் பிரிக்க நிழல் தேடிப் போனால், ஒரு பாறையின் மேல் வாழையிலை போட்டு, கற்பூரம் வைத்து, பாபின் உட்கார்ந்திருந்தார். எதிரில் பளபளவென்று அந்த ஜீப்.

புது வண்டிக்குப் பூசை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்கும்வரை நல்ல நேரமாம். அன்றுவரை வண்டி ஓரடிகூட ஓடவில்லை. பூசை போடாமல் ஓட்டுவாரா? நிஜ வண்டிக்கு நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம் இல்லையா? இது பத்தில் ஒரு பங்கு வண்டி. அதனால் சுண்டைக்காய். நான்கு சுண்டைக்காய்களை வரிசையாக வைத்திருந்தார். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். அதற்கு ஒரு நெல்லிக்காய், குங்குமம் தடவித் தயாராக இருந்தது.

வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று என் கண்ணில் பட்டது சுண்டைக்காய் இல்லை, பதினொரு மாதம்.

“வாங்க டீச்சர்” என்று எழுந்தார். “நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க.”

“மிஷின் எங்கண்ணே?”

“மிஷின் ரெடிதாங்க. ஒரு சக்கரம் மட்டும்...” என்று இழுத்தவர், ஜீப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் ஜீப்பைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

“கோணல் தையலுக்கு உள்ள ஒரு சக்கரம் இருக்குது டீச்சர். திருகாணி மாதிரி ஒன்னு சுத்தி அதத் தள்ளும். மோட்டரு சுத்தினா அது சுத்தும். மோட்டரு நின்னா கெட்டியாப் புடிச்சிக்கும். வண்டி மேட்டுல நின்னா பின்னாடி வழுக்கக் கூடாது இல்ல? இந்த ஊர்ல எங்க தேடியும் அப்படி ஒன்னு கெடைக்கல. வேற வாங்கி மிஷின்ல போட்டுடலாம்னுதான்...”

அங்கேதான் நான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது. திட்டுவதற்கு முன், நல்ல தாய் என்ற நினைப்பில் ஒரு காரியம் செய்தேன். மகள் காதில் இதெல்லாம் விழக் கூடாது என்று அவளிடம் சொன்னேன்: “நீ போய் அந்தப் பாறை இடுக்குல பெரணி இருக்குதா பாரு கண்ணு. இருந்தா அம்மாகிட்ட வந்து சொல்லு.”

பெரணிச் செடி ஈரமும் நிழலும் உள்ள இடுக்கில்தான் வளரும். அதை அவளுக்குச் சொல்லித் தந்ததும் நான்தான்.

எட்டு நிமிடம் திட்டினேன். பாபின் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்க நிறுத்தியபோது ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கயலைக் காணோம்.

இரண்டு பெரும் பாறைகளுக்கு அடியில் ஒரு பிளவு. அதன் வாயில் அவளுடைய செருப்பு ஒன்று.

“கயலு!”

உள்ளேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வந்தது. “அம்மா... பெரணி இருக்குது. ஆனா நான் வழுக்கிட்டேன். ஏற முடியல.”

பிளவின் உயரம் ஒன்றேகால் அடி இருக்கும். பத்து வயது உடம்பு தவழ்ந்து போகலாம். பெரியவர்களுக்குத் தலை நுழையும், தோள் நுழையாது. என் வீட்டுக்காரர் நுழைந்து பார்த்தார். நடுவில் மாட்டிக்கொண்டு, அவர் காலைப் பிடித்து நானும் பாபினும் இழுத்ததில் சட்டை கிழிந்து வெளியே வந்தார். வழி உள்ளே பத்தடி போய், ஒரு வளைவு திரும்பி, இன்னும் பத்தடி கழித்துப் பாசி படிந்த சரிவாக ஒரு குழிக்குள் இறங்குகிறது என்பது கயல் சொல்லித்தான் தெரிந்தது. அவள் அந்தக் குழியில் இருந்தாள். கணுக்கால் பிசகியிருந்தது.

என் வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிப் பாறை பாறையாக ஏறினார். தீயணைப்பு நிலையத்துக்கு எப்படியோ தகவல் போய்விட்டது. ஆனால் கீழேயிருந்து மலை ஏறி வர நேரமாகும்தானே. அப்போது சுள்ளிக் கட்டோடு வந்த ஒரு மலைக்கார அம்மா நின்று பார்த்தார். பச்சையம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிளவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“மேல மழ புடிச்சிருக்குங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல ஓடையில செவப்பா வெள்ளத் தண்ணி வரும். இந்தச் சந்துலதான் மொதல்ல பூரும்” என்றார்.

சுள்ளி கட்டியிருந்த கயிற்றை அவர் அவிழ்த்தார். நல்ல நீளக் கயிறு. உள்ளே எறிந்தார். வளைவில் முட்டி நின்றது. கழியில் கட்டித் தள்ளினோம். வளைவில் முட்டி நின்றது. இருபதடி தள்ளி என் பெண். இந்தப் பக்கம் கயிறு. நடுவில் அதை எடுத்துப்போக ஒரு கை இல்லை.

அப்போதுதான் நான் பாபின் ஓடியதைப் பார்த்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஓடினார். வாழையிலை பறந்தது. கற்பூரம் தண்ணீரில் விழுந்தது. நல்ல நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. நான்கு சுண்டைக்காயும் பாறையில் உருண்டு போக, ஜீப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். ரெக்ஸின் தைத்த அதே நைலான் நூல். ஒரு முனையை வண்டியின் பின்னால் கட்டினார். மறுமுனையைக் கயிற்றோடு முடிந்தார். பச்சையம்மாள் கயிற்றின் தலைப்பில், இறுகாத பெரிய வளையமாக ஒரு முடிச்சு போட்டார். பாபின் பிளவின் வாயில் குப்புறப் படுத்து, ரிமோட்டை முன்னால் நீட்டிக்கொண்டார். ஜீப்பின் முன் விளக்குகள் எரிந்தன.

“கண்ணு, ஒரு வண்டி வருது. வெளிச்சம் தெரிஞ்சதும் சொல்லு.”

பத்தடி வரை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வளைவைத் தாண்டியதும் வண்டி மறைந்தது. “தெரியுது மாமா!” என்றாள் கயல். “வலது பக்கம் ஒரு கல்லு. இடது பக்கம் திருப்புங்க!”

திருப்பினார். உள்ளே டின் உரசும் சத்தம்.

“ஐயோ, அந்த இடது இல்ல மாமா!”

அவள் வண்டிக்கு எதிரில் இருந்தாள். அவளுடைய இடது, வண்டிக்கு வலது. “உன் இடதா, வண்டி இடதா?” என்று என் வீட்டுக்காரர் கத்தினார். “எனக்கு இடது, வண்டிக்கு... எனக்குத் தெரியல” என்று கயல் அழ ஆரம்பித்தாள். “வலதுன்னா சோத்துக்கை பக்கம்!” என்று நான் வேறு கத்தினேன். மூணு பேர், எட்டு திசை.

பாபின் மட்டும் கத்தவில்லை. “கண்ணு, வண்டிக்குள்ள டிரைவரு தெரியறாரா?”

விசும்பல் நின்றது. “தெரியறாரு.”

“அவுரு பக்கத்துல காலி சீட்டு இருக்குதா?”

“இருக்குது.”

“அது கிளீனரு சீட்டு. இனிமே இடது வலதே வாணாம். டிரைவர் பக்கமா, கிளீனர் பக்கமா, அத மட்டும் சொல்லு.”

“டிரைவர் பக்கம் மாமா. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும்!”

நம்மூர் லாரிகள் எல்லாம் சந்தில் பின்னால் வரும்போது கேட்கிற அதே வழக்கம். யாருக்கும் குழம்பாத வழக்கம். பதினொரு மாதம் என் மிஷினைக் காக்க வைத்த அந்தப் பொம்மை டிரைவர், தோளில் துண்டோடு, என் பெண்ணுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

வண்டி எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். ஒரு கல். யோசனை. அடுத்த கல். யோசனை. என் நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றைம்பது அடித்துக்கொண்டிருந்தது.

“சீக்கிரம் அண்ணே, சீக்கிரம்!”

“சீக்கிரம்னா வண்டி கவுந்துடும் டீச்சர். கவுந்தா நிமித்த ஆளு இல்ல.”

“அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன்” என்றது குழிக்குள்ளிருந்து ஒரு குரல். “கிளீனர் பக்கம் மாமா.”

வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன். பச்சையம்மாள் ஓடையைப் பார்த்தபடியே நின்றார். “அம்மா, கால்ல தண்ணி படுது” என்றாள் கயல்.

பிறகு, “மாமா, வண்டி மேல வந்துடுச்சி. மூக்கு கீழ பாத்து நிக்குது!” என்றாள். சரிவின் விளிம்பு. பாசிப் பாறை. அவள் வழுக்கிய அதே இடம். பாபின் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வழுக்குதா கண்ணு?”

“இல்ல மாமா. அப்படியே நிக்குது.”

பாபின் தலையைத் திருப்பாமலே மெல்லச் சொன்னார். “டீச்சர். உங்க மிஷின் சக்கரம். புடிச்சிக்கினு இருக்குது.”

நான் கண்ணைத் திறந்தேன்.

அங்குலம் அங்குலமாக இறக்கினார். விடுவார், நிறுத்துவார். விடுவார், நிறுத்துவார். இருபதடியும் அந்தச் சரிவும் கடக்க முப்பத்தொரு நிமிடம். கடைசியில் உள்ளேயிருந்து வந்தது, சிரிப்புச் சத்தம்.

“மாமா! டிரைவருக்கு மீசை வச்சிருக்கீங்க!”

அதுவரை அழாதவள் அப்போது அழுதேன்.

கயலிடம் நூலை மெதுவாக இழுக்கச் சொன்னார். நூலோடு கயிறு போயிற்று. “வளையம் வந்துடுச்சா? சட்ட போடற மாதிரி தலைய வுட்டு, ரெண்டு கையையும் வெளிய எடு. அக்குளுக்கு வந்துடுச்சா? ம், அளவு சரி.” நாங்கள் நான்கு பேரும் கயிற்றைப் பிடித்தோம். இழுப்பதிலும் அவர்தான் எஜமான். “மெதுவா. மெதுவா. துணி கிழியாத மாதிரி.”

ஒரு மணி ஐந்துக்கு இருட்டிலிருந்து முதலில் வெளியே வந்தது இரண்டு முன் விளக்கு. அதன் பின்னால், ஜீப்பை முன்னே தள்ளிக்கொண்டே, பாசி பூசிய என் பெண். முழங்கை சிராய்ப்பு, வீங்கிய கணுக்கால். கைக்குள் கசங்கிய ஒரு பெரணி இலை. “நீதானே பாக்கச் சொன்ன” என்றாள்.

கால் மணி நேரம் கழித்து ஓடை சிவந்து வந்தது. அந்தப் பிளவுக்குள் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போவதை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

தீயணைப்பு வீரர்கள் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது கயல் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குக் கட்டுப் போட்டு முடித்த பிறகு அவர்களில் மூத்தவர், “எந்த வண்டிய வச்சி எடுத்தீங்க?” என்று கேட்டார். பாபின் காட்டினார். அந்த வீரர் குனிந்து ஜீப்பை நெடுநேரம் பார்த்தார்.

“கிளீனரு எங்க?”

“லீவுங்க” என்றாள் கயல்.

நல்ல நேரம் போய் வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் பாபின் பாறைக்குப் பாறை தேடி நான்கு சுண்டைக்காயையும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே கயல்தான் வைத்தாள். நெல்லிக்காயை ஓங்கி அடித்தார். அது உடையாமல் எகிறி என் வீட்டுக்காரர் நெற்றியில் பட்டது. அத்தோடு பூசை முடிந்தது.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. கயல் மறந்துவிட்டாள், ஓடுகிறாள், ஆடுகிறாள். எனக்குத்தான் தீரவில்லை. அவள் குளியலறையில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுகிறேன். வகுப்பில் பெரணிப் பாடம் வந்தபோது, கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மிஷினைப் பற்றிக் கேட்க நான் கடைப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

போன சனிக்கிழமை தெருமுனையில் ஒரு மொபெட் சத்தம் கேட்டது. அது எங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நான் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டேன். பின் சீட்டில், இரண்டு போர்வை சுற்றி, குழந்தையைப்போல் கட்டி வைத்திருந்தார் என் தையல் மிஷினை. பதின்மூன்று மாதம் கழித்து.

“ரெடி டீச்சர். நேர்த்தையல் பூ மாதிரி போவும். கோணல் தையல் மட்டும் வராது. வேற சக்கரம் தேடிப் பாத்தேன், கெடைக்கல.” கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார். “உங்க சக்கரம் வண்டியிலதான் இருக்குது. சொல்லுங்க, கழட்டிக் கொண்டாந்து போட்டுடறேன்.”

“எனக்கு நேர்த்தையல் போதும்ணே” என்றேன். “அது அங்கயே இருக்கட்டும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப ஒரு டீ குடுங்கம்மா. அவசரம் ஒன்னும் இல்ல. மெதுவாவே போடுங்க.”